எட்டு வயதுப் பிள்ளைக்கு எதற்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை?

தம்பிக்கு நெஞ்சு வலி வந்தபோது அவனுக்கு வயது 38. சனிக்கிழமை காலை கூட்டாளிகளோடு ஃபுட்சால் ஆடிவிட்டு வந்தவன், தாடை வலிக்கிறது என்றான். வாயுவாக இருக்கும் என்று அம்மா ஓமத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டுப் படுத்தவனுக்கு வேர்த்துக் கொட்டியது. அவன் மனைவி யாரிடமும் யோசனை கேட்காமல் காரை எடுத்தாள். இன்றைக்கு என் தம்பி உயிரோடு இருக்கிறான் என்றால் அவளால்தான்.

மூன்று குழாய்களில் அடைப்பு. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அவனுக்கு சிகரெட் கிடையாது, பீர் கிடையாது, எடை 64 கிலோ. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். மறுநாள் வந்த இருதய நிபுணர் இரத்தப் பரிசோதனைத் தாளை ஒரு முறை பார்த்தார். பிறகு போர்வையை விலக்கி, தம்பியின் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அது தடித்து, முடிச்சு முடிச்சாக இருந்தது. எங்களுக்கு அது புதிதில்லை. அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. தோட்டத்தில் பூட்ஸ் போட்டு நடந்து நடந்து வந்தது என்று அப்பா சொல்வார். தம்பி தோட்டத்தில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை.

"அப்பா எப்படி இறந்தார்?" என்று டாக்டர் கேட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார், 46 வயது என்றேன். தாத்தா? கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டார், 44 இருக்கும். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இரத்தம் பார்த்திருக்கிறீர்களா? பிள்ளைகள் இருக்கிறார்களா?"

எங்கள் குடும்பத்தில் ஒரு வாக்கியம் உண்டு. அதைக் கேட்டுக்கொண்டேதான் நானும் தம்பியும் வளர்ந்தோம். "இந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு ஆயுசு கெட்டி இல்ல." அப்பாயி சொல்வார், பிறகு அம்மா சொன்னார். தாத்தா விழுந்த இடத்தில் காத்துக் கருப்பு இருக்கிறது என்று முனீஸ்வரருக்குச் சேவல் அறுத்தார்கள். அப்பா போனபோது வீட்டு வாசல் திசை சரியில்லை என்றார்கள். அத்தைக்கு 58 வயதில் பைபாஸ் செய்தபோது, அது சர்க்கரையால் வந்தது என்று சொல்லி, அந்த வாக்கியத்தைக் கலைக்காமல் வைத்துக்கொண்டோம். ஆண்களுக்கு மட்டும் என்று ஒரு விதி இருந்ததால் நான் என்னைப் பற்றி யோசித்ததே இல்லை. என் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 7.1 என்று வந்தபோது எனக்கு வயது 41.

இங்கே மலேசியாவில் கொலஸ்ட்ராலை மில்லிமோல் கணக்கில் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு உறவினர்களுக்குச் சொல்லும்போது 38.7ஆல் பெருக்கி, அவர்களுடைய மில்லிகிராம் கணக்கில் சொல்வேன். அப்போதுதான் அவர்களுக்குப் புரியும், பயமும் வரும். 7.1 என்றால் கிட்டத்தட்ட 275. கெட்ட கொலஸ்ட்ரால் மட்டும் அவ்வளவு.

இதற்குப் பெயர் குடும்ப வழி உயர் கொலஸ்ட்ரால். டாக்டர்கள் சுருக்கமாக எஃப்எச் என்கிறார்கள். தம்பியின் குதிகாலில் இருந்த முடிச்சுகளும் அங்கே படிந்த கொலஸ்ட்ரால்தான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. மருந்து எடுக்காத ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் மாரடைப்போ அதற்குச் சமமான ஒன்றோ வந்துவிடுகிறது. பெண்களில் 60 வயதுக்குள் பத்தில் மூன்று பேருக்கு. அத்தையின் 58 அந்தக் கணக்குக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. உலக அளவில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. மலேசியாவில் அதைவிடக் கூடுதல் என்று இங்கு நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. 250க்கு ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும் இந்த நாட்டில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் வரும். 500 பிள்ளைகள் படிக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டு பேர். சபைகூடலில் வரிசையாக நிற்கும்போது அந்த இரண்டு பேர் யார் என்று ஆசிரியருக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைகள் நன்றாக ஓடுவார்கள், நன்றாகச் சாப்பிடுவார்கள். வலி எதுவும் இருக்காது.

என் பிள்ளைகளை முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குத்தான் கூட்டிப்போனேன். மகளுக்கு 12, மகனுக்கு 8. "இந்த வயசுல கொலஸ்ட்ராலா? பிள்ளை ஒல்லியாகத்தானே இருக்கான், பெரியவனானதும் பார்க்கலாம்" என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனசுக்கு அது சுகமாகத்தான் இருந்தது. மூன்று மாதம் அந்தச் சுகத்திலேயே இருந்துவிட்டேன். தம்பிதான் விடவில்லை. "அக்கா, நான் ஒல்லியாத்தான் இருந்தேன்" என்றான். அதற்கு மேல் அவன் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பினாங்குத் தீவில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி வாங்கிக்கொண்டு போனோம். இந்தப் பரிசோதனைக்குப் பிள்ளையைப் பட்டினி போட வேண்டியதில்லை, பசியாறிவிட்டே போகலாம். இது தெரியாமல் காலை ஒன்பது மணி வரை பிள்ளையை அழவைத்த தாய்மார்களை அங்கே பார்த்தேன். மகளுக்கு 2.5. மகனுக்கு 6.4. ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள், மறுபடியும் அதே அளவு. தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் பார்த்தார்கள், ஏனென்றால் அங்கே கோளாறு இருந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும். எல்லாம் சரியாக இருந்தது. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருக்கிற பிள்ளைக்கு எல்டிஎல் 4ஐத் தாண்டினாலே இந்த நோய் என்று எடுத்துக்கொள்ளலாம். குடும்பக் கதை எதுவும் தெரியாவிட்டாலும், இரண்டு முறை பார்த்து 5க்கு மேல் இருந்தால் போதும். மரபணுப் பரிசோதனை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சிகிச்சை நிற்காது.

ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒரே சட்டியில் சமைத்ததைத்தான் இரண்டு பேருக்கும் போடுகிறேன். ஒருத்திக்கு 2.5, ஒருவனுக்கு 6.4. இதை நான் அன்றைக்கே சரியாக யோசித்திருந்தால் அடுத்த நான்கு மாதம் என் வீட்டில் நடந்தது நடந்திருக்காது.

நடந்தது இதுதான். வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுக்களையைக் கையில் எடுத்துக்கொண்டார். கணவரைப் பறிகொடுத்து, மகனைப் பாதி வழியில் மீட்டவர். பேரனுக்கு என்றதும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. தேங்காய்ப் பால் நின்றது. முட்டை நின்றது. இறைச்சி, நெய், இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி எல்லாம் நின்றது. மகனுக்கு மட்டும் தனித் தட்டு. அக்காள் நாசி லெமாக் சாப்பிடுவாள், பக்கத்தில் அவன் வேகவைத்த காய்கறியும் சோறும். ஞாயிற்றுக்கிழமை மாமாக் கடையில் நாங்கள் ரொட்டி சானாய் சாப்பிடும்போது அவனுக்கு மட்டும் தோசை, குழம்பில் எண்ணெயை வழித்துவிட்டு. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் என்ன வாங்கினாய் என்று தினமும் விசாரணை. நானும் அதில் சேர்ந்துகொண்டேன், அம்மாவின் மேல் மட்டும் பழி போட மாட்டேன்.

தைப்பூசத்துக்கு ஜாலான் உத்தாமா வழியாகத் தண்ணீர்மலைக்கு நடந்துபோனோம். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். ஒரு பந்தலில் ஒரு பெரியவர் அவன் கையில் சுடச்சுட ஒரு வடையை வைத்தார். அவன் அதைக் கடிக்காமல் என் முகத்தைப் பார்த்தான். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டான். அன்றைக்கு இரவு படுக்கும்போது கேட்டான்: "அம்மா, நான் நிறைய வடை சாப்பிட்டதாலதான் எனக்கு வந்துச்சா? தாத்தாவும் நிறையச் சாப்பிட்டாங்களா?"

என் தாத்தா தோட்டத்தில் என்ன சாப்பிட்டிருப்பார்? பழைய சோறு, கருவாடு, மரவள்ளிக் கிழங்கு. இறைச்சியைத் தீபாவளிக்குப் பார்த்திருப்பார். காலை ஐந்து மணிக்கு எழுந்து மைல் கணக்காக நடந்தவர். அவரைக் கொன்றது சாப்பாடு என்று யாராவது சொல்ல முடியுமா?

அடுத்த முறை போனபோது இதை டாக்டரிடம் சொன்னேன். மலாய்க்கார அம்மா, என்னைவிடச் சின்னவர். அவர் என்னோடு பேசாமல் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "புக்கான் சாலா அவாக்" என்றார். உன் தப்பு இல்லை. பிறகு என்னைப் பார்த்து அதையே இன்னொரு முறை சொன்னார், "புக்கான் சாலா புவான் ஜுகா". உங்கள் தப்பும் இல்லை. அந்த இரண்டாவது வாக்கியம் எனக்கும் தேவைப்பட்டிருக்கிறது என்று அது காதில் விழுந்தபோதுதான் தெரிந்தது.

அவனுக்கு அவர் விளக்கியதை நான் இப்போது எல்லாருக்கும் சொல்கிறேன். பினாங்குப் பாலத்துக்குப் போகும் வழியில் பிறையில் டோல் இருக்கிறது. தீவுதான் கல்லீரல். இரத்தத்தில் போகும் எல்டிஎல் எல்லாம் தீவுக்குள் நுழைய வேண்டிய வண்டிகள். பத்து கவுண்டர் திறந்திருந்தால் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். உனக்குப் பிறந்ததிலிருந்தே ஐந்து கவுண்டர் மூடியிருக்கிறது. உன் அக்காவுக்குப் பத்தும் திறந்திருக்கிறது. நீ இரண்டு வண்டி குறைவாக அனுப்பினால் நெரிசல் கொஞ்சம் குறையும். ஆனால் கவுண்டர் மூடியே இருக்கும்.

"மாத்திரை போட்டா கவுண்டரைத் திறப்பாங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றார். மூடியதைத் திறக்க முடியாது, ஆனால் பக்கத்தில் புதிதாகக் கட்ட முடியும். ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைக்கிறது. உள்ளே பற்றாக்குறை வந்ததும் கல்லீரல் வெளியிலிருந்து இழுத்துக்கொள்வதற்காக நல்ல மரபணுவைக் கொண்டு கூடுதல் ஏற்பிகளை, அதாவது புதுக் கவுண்டர்களை, செய்துகொள்கிறது. இரத்தத்தில் வரிசை குறைகிறது.

அந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்தவர்கள் டெக்சாஸில் டாலஸ் நகரத்தில் வேலை செய்த மைக்கேல் பிரவுனும் ஜோசஃப் கோல்ட்ஸ்டைனும். இந்த நோய் கடுமையாக இருந்த பிள்ளைகளின் தோல் செல்களை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். 1985இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பினாங்குப் பாலம் திறந்ததும் அதே வருடம். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலம் பார்க்கப் போனார் என்று அம்மா சொல்வார். அப்போது அப்பாவுக்கு 38.

பத்து கவுண்டரும் மூடிப் பிறக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் இரண்டு பக்கமும் பழுதான மரபணு வரும்போது அப்படி ஆகிறது. மூன்று லட்சத்தில் ஒருவருக்கு என்பார்கள். முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சள் கட்டிகள் வரும், பத்து வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரலாம். ஸ்டார்மி ஜோன்ஸ் என்ற அமெரிக்கச் சிறுமிக்கு 1984 பிப்ரவரியில், ஆறு வயதில், இருதயத்தையும் கல்லீரலையும் சேர்த்து மாற்றினார்கள். கல்லீரல் மாறியதும் அவள் கொலஸ்ட்ரால் இறங்கியது. 13 வயது வரை வாழ்ந்தாள். அவளைப் பற்றிப் படித்த இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை.

காரணம் இருக்கிறது. தம்பியின் பிள்ளைகளையும் பார்த்தோம். ஏழு வயது மகளுக்கு 5.1, ஐந்து வயது மகனுக்கு இல்லை. அந்தப் பெண் பிறந்து தொட்டிலில் போட்ட அன்றே அம்மா என் மகனைத் தூக்கிக் காட்டி "உன் மாமன் மகடா, பார்த்துக்கோ" என்று சொன்னவர். முறைப்பையன், முறைப்பெண். விருந்துகளில் அதை வைத்துக் கேலி நடக்கும். இரண்டு பேருக்கும் இது இருக்கிறது. அவர்கள் கல்யாணம் செய்துகொண்டால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, ஸ்டார்மிக்கு வந்தது வருவதற்கு. நம் ஆட்களிடம் மாமன் மகள், அக்காள் மகள் கட்டுவது இன்னும் இருக்கிறது. ஜாதகம் பார்க்கிறவர்கள் இரண்டு பக்க எல்டிஎல்லையும் கேட்கட்டும் என்று நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன். இதை அம்மாவிடம் விளக்கியது நான்தான். அவர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு அந்தக் கேலியை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

மாத்திரைக்கு வருகிறேன். என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எட்டு வயசுப் பிள்ளைக்கு ஆயுசு பூரா மாத்திரையா? அதோட பக்கவிளைவை யாரு பார்க்குறது? 20 வயசு ஆகட்டும், அவனே முடிவு பண்ணட்டும்." அவர் பிடிவாதக்காரர் இல்லை. பிள்ளையின் உடம்பில் என்ன போகிறது என்று ஒரு தகப்பன் கேட்கத்தான் வேண்டும். நானும் அதே பயத்தில்தான் இருந்தேன், அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான்.

அவரை மாற்றியது நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு. ஆம்ஸ்டர்டாமில் 1990களின் கடைசியில், இந்த நோய் உள்ள 214 பிள்ளைகளை எட்டு வயதிலிருந்து 18 வரை சேர்த்து ஸ்டாட்டின் சோதனை நடத்தினார்கள். சோதனை முடிந்ததும் விட்டுவிடவில்லை, 20 வருடம் கழித்து அவர்களை மறுபடி தேடிப்போய்ப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வெளிவந்தது. 39 வயதுக்குள் இருதயப் பாதிப்பு வந்தது அந்தப் பிள்ளைகளில் 100க்கு ஒருவர். அதே வயதுக்குள் அவர்களுடைய பெற்றோரில், அதாவது இதே நோயை அவர்களுக்குக் கொடுத்த தகப்பன் அல்லது தாயில், 100க்கு 26 பேர். அந்த வயதுக்குள் இருதயத்தால் இறந்த பெற்றோர் 100க்கு 7 பேர். பிள்ளைகளில் ஒருவரும் இல்லை. ஒரே மரபணு, ஒரே குடும்பம், இடையில் வந்தது மாத்திரை. இதைப் படித்துக்காட்டியபோது என் கணவர் கேட்டது ஒன்றுதான். "உன் அப்பா எத்தனை வயசுல போனாரு?" தெரிந்த பதிலைத்தான் கேட்டார்.

20 வயது ஆகட்டும் என்பதில் என்ன குறை என்றும் டாக்டர் சொன்னார். இரத்தக் குழாய்ச் சுவரில் படிவது ஓர் இரவில் நடப்பதில்லை. எல்டிஎல் எவ்வளவு, எத்தனை வருடம், இரண்டையும் பெருக்க வேண்டும். என் மகன் பிறந்த நாளிலிருந்தே அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் எட்டிலிருந்து பத்து வயதுக்குள் தொடங்கச் சொல்கிறார்கள், அதனால்தான் சின்ன வயதில் சின்ன அளவு மாத்திரை போதுமானதாக இருக்கிறது. ஸ்லோவேனியா என்ற சின்ன நாட்டில் 1995இலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி சேர்வதற்கு முன்பே கொலஸ்ட்ரால் பார்த்துவிடுகிறார்கள். நம் பள்ளிகளுக்கும் தாதிகள் வருகிறார்கள், பல் பார்க்கிறார்கள், கண் பார்க்கிறார்கள், ஊசி போடுகிறார்கள். ஒரு துளி இரத்தத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். என் ஆசை அது.

பக்கவிளைவு பற்றி டாக்டர் எதையும் மறைக்கவில்லை. தசை வலி வரலாம், கல்லீரல் என்சைம் ஏறலாம். அதனால் தொடங்குவதற்கு முன்னால் இரண்டுக்கும் இரத்தம் எடுத்தார்கள், பிறகு சில வாரத்தில் மறுபடி பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் உயரம், எடை அளக்கிறார்கள். பருவம் வருவதையும் கவனிப்பார்கள். அந்த நெதர்லாந்துப் பிள்ளைகளின் வளர்ச்சியிலோ பருவம் அடைவதிலோ குறை எதுவும் தெரியவில்லை. தம்பி மகள் வளர்ந்து குழந்தைக்குத் திட்டமிடும் காலத்தில் மாத்திரையை நிறுத்துவது பற்றி டாக்டரோடு பேச வேண்டும், அதை அவளுக்கு இப்போதே எழுதிவைத்திருக்கிறோம். மகனுக்கு ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராமில் தொடங்கினார்கள். ஆசியக்காரர்களின் இரத்தத்தில் இந்த மருந்து கூடுதலாக நிற்கும், அதனால் குறைந்த அளவிலிருந்து ஏறுவதுதான் வழக்கம் என்றார்கள்.

இதற்கிடையில் மேல்மாடியில் இருக்கும் சீன ஆண்ட்டி அன்போடு ஒரு புட்டி வாங்கிக்கொண்டு வந்தார். ஆங்காக், சிவப்பு ஈஸ்ட் அரிசி. இயற்கையானது, பிள்ளைக்கு இதைக் கொடு, கெமிக்கல் வேண்டாம் என்றார். அம்மாவுக்கும் அதில் ஆசை. நான் படித்துப் பார்த்தேன். அந்தச் சிவப்பு அரிசியில் வேலை செய்கிற மொனாகோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் மாத்திரையில் இருப்பதும் ஒரே பொருள். அதுவும் ஸ்டாட்டின்தான். எவ்வளவு இருக்கிறது என்பது புட்டிக்குப் புட்டி மாறும், சிலவற்றில் சிட்ரினின் என்ற சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சும் கலந்திருக்கும். அளவு தெரிந்த மாத்திரைக்குப் பயந்து அளவு தெரியாத மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை. ஆண்ட்டியிடம் நன்றி சொல்லி விளக்கினேன். அவர் மனம் கோணவில்லை.

முதல் ஸ்டாட்டினும் அரிசியிலிருந்துதான் வந்தது என்பது அம்மாவுக்குப் பிடித்த கதையாகிவிட்டது. ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி 1970களின் தொடக்கத்தில் ஆறாயிரம் பூஞ்சைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பிடித்திருந்த நீலப் பச்சைப் பூஞ்சையில் அவர் தேடியது கிடைத்தது. 1978இல் ஒசாகாவில், இரண்டு பக்கமும் பழுதாகப் பிறந்த 18 வயதுப் பெண்ணுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். தசை பலவீனம் வந்தது, அளவைக் குறைத்துத் தொடர்ந்தார்கள். எண்டோ 2024 ஜூனில் தன் 90ஆவது வயதில் காலமானார். செய்தியைச் சொன்னதும் அம்மா சாமி மாடத்தில் ஒரு விளக்கு ஏற்றினார். பெயர் சொல்லத் தெரியாமல் "அந்த அரிசிக்காரருக்கு" என்றார்.

லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1987இல். அப்பா இறந்தது 1993இல். நடுவில் ஆறு வருடம். அப்பாவின் குதிகாலை ஒரு டாக்டர் பிடித்துப் பார்த்திருந்தால் என்று நினைக்காத நாள் குறைவு. வீட்டில் அப்பாவின் படம் ஒன்று பெரிதாக்கி மாட்டியிருக்கிறது. கறுவிழியைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் தெரியும். 40 வயதில் எடுத்த படம். அது ஸ்டுடியோ விளக்கின் பிரதிபலிப்பு என்று 30 வருடம் நினைத்திருந்தேன். வயதானவர்களுக்கு அந்த வளையம் சாதாரணம். 45க்கு முன்னால் வந்தால் அது கொலஸ்ட்ரால் எழுதிவைத்த கையெழுத்து. அப்பா போனபோது தம்பிக்கு எட்டு வயது. என் மகனின் எண் எங்களுக்குத் தெரிந்ததும் அவனுடைய எட்டாவது வயதில்தான்.

சரி, சாப்பாட்டை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். தனித் தட்டு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்த தமிழ்ப் பெண் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல எல்லாரும் ஒண்ணா சாப்பிடுறீங்களா அக்கா?" என்பதுதான். உணவுக் கட்டுப்பாட்டால் எல்டிஎல் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இறங்கினாலே பெரிய விஷயம் என்றார். அந்தப் பதினைந்தையும் விட வேண்டாம், ஆனால் அதற்காகப் பிள்ளையைத் தனியாக உட்காரவைக்க வேண்டாம். அதனால் வீட்டுக்கே மாற்றினோம். குழம்புக்குத் தேங்காய்ப் பால் பாதி, மீதிக்குப் பருப்பு. பசியாற வாரம் நான்கு நாள் கேழ்வரகு தோசையோ ஓட்ஸோ. கோழித் தோலை உரித்துவிடுகிறேன். மீன் கூடியிருக்கிறது. தீபாவளிக்கு முறுக்கு சுடுகிறோம், அவனும் சாப்பிடுகிறான். மாதத்தில் ஒரு நாள் சூலியா சாலைப் பக்கம் நாசி கண்டார், குழம்பு மட்டும் அளவாக. பந்து விளையாடத் தடை எதுவும் கிடையாது, நிறைய ஆடச் சொல்கிறார்கள். நான் கண்டிப்பாக இருப்பது ஒன்றில்தான், சிகரெட்டும் வேப்பும். இடைநிலைப்பள்ளிக்குப் போகும் முன்பே அதை அவனோடு பேச ஆரம்பித்துவிட்டேன்.

நான் எடுப்பது அட்டோர்வாஸ்டாட்டின். அதனால் சீனப் பெருநாளுக்கு வரும் தம்பூன் பம்ப்ளிமாஸை நான் தொடுவதில்லை. அந்தப் பழம் இந்த மருந்தை உடம்பில் தேங்கவைத்துவிடும். மகனுடைய மருந்துக்கு அந்தத் தொல்லை இல்லை, சுளை சுளையாக உரித்துத் தின்கிறான். காய்ச்சலுக்கு வேறு கிளினிக் போனால் இந்த மாத்திரை பற்றி முதலில் சொல்லிவிடுங்கள். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் சில ஸ்டாட்டின்களோடு ஒத்துப்போகாது.

முதல் மூன்று மாதத்தில் 6.4 என்பது 3.9 ஆனது. அளவை 10 மில்லிகிராமாக உயர்த்தினார்கள். அதற்கடுத்த முறை 3.4. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 3.5க்குக் கீழே என்பதுதான் இலக்கு. தாளை வாங்கி அவனே படித்தான். வரும் வழியில் பாலத்தில் நெரிசல். வண்டிகளை எண்ணிக்கொண்டே வந்தான்.

மாத்திரை எடுத்துக்கொடுப்பது இப்போது அம்மாவின் வேலை. இரவு பல் விளக்கியதும் ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீர். மறந்தது இரண்டே முறைதான். "இந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு" என்று அவர் தொடங்கும் வாக்கியத்தையும் கேட்டு வெகு நாளாகிறது.

சொந்தக்காரர்களிடம் பேசுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது. பெரியப்பாவும் 50ஐத் தாண்டவில்லை. அவர் பிள்ளைகள் கிள்ளானில் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஓர் அக்கா உடனே போய்ப் பார்த்தார், அவருக்கு இல்லை, ஃபோனிலேயே அழுதார். இன்னொருவர் மனைவி, "பொண்ணுக்கு வரன் பார்க்குற நேரத்துல இதெல்லாம் வெளிய பேசாத தங்கச்சி" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. நம் வீடுகளில் வியாதி என்பது மறைக்கிற பொருள். ஆனால் வரும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிவதைவிட அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும், அவள் தகப்பனுக்குத் தெரிய வேண்டும். கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. இதைச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். பிறகு அடுத்த வாரமும் கூப்பிட்டேன், அதற்கடுத்த வாரமும்.

பழைய தமிழ் நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் குடும்ப மரம் வரைந்து ஐஸ் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். மேலே தாத்தா. கீழே அப்பா, பெரியப்பா, அத்தை. அதற்குக் கீழே நாங்கள், அதற்குக் கீழே பிள்ளைகள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எல்டிஎல். தெரியாத இடத்தில் வயது மட்டும், 44, 46, 50. மொத்தம் 19 பெயர். உயிரோடு இருப்பவர்களில் இன்னும் மூன்று பேருக்கு எண் இல்லை. கிள்ளான் அண்ணன், அவர் மகள், அவர் மகன். நேற்று இரவு அண்ணனே கூப்பிட்டார். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறைக்கு வருகிறாராம், தம்பியைப் பார்த்து ரொம்ப நாளாயிற்றாம். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "நீங்க போற கிளினிக்ல சனிக்கிழமை இரத்தம் எடுப்பாங்களா?"